கோவளம்: அலை தாண்டியவர்களின் கணக்கு

எங்கள் வகுப்பில் ஒரு கோவளத்துக்காரன் இருக்கிறான். முதல் வருடம் எல்லோரும் எழுந்து நின்று அறிமுகம் சொன்னபோது "ஊர் கோவளம்" என்றான். பாதி வகுப்பு "கேரளாவா மச்சி?" என்று கேட்டது. (நானும் கேட்டேன், மறைப்பானேன்!) செங்கல்பட்டிலேயே வளர்ந்தவனுக்கு அடுத்த மாநிலத்துக் கோவளம் தெரிகிறது, சொந்த மாவட்டத்துக் கோவளம் தெரியவில்லை. அந்த வெட்கம் ரொம்ப நாள் மனதில் இருந்தது. போன செமஸ்டர் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியும் முன்பே பஸ் ஏறிவிட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர், அங்கிருந்து கேளம்பாக்கம், அப்புறம் இரண்டு பக்கமும் உப்பளம் விரிந்து கிடக்கும் ரோட்டில் கோவளம். ஈ.சி.ஆர். சாலையைத் தாண்டினால் ஊர். ஒரு மாதா கோவில், ஒரு தர்கா, நடுவில் மீனவர் குடியிருப்பு, அதற்கப்புறம் கடல். நண்பன் கரையில் நின்றுகொண்டிருந்தான்.

நான் போன நேரத்தில் கரையில் ஒரே சமயத்தில் இரண்டு காட்சிகள் நடந்தன. ஒரு பக்கம் ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனி ஆட்கள் ஏழெட்டுப் பேர் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சர்ஃபிங் கற்றுக்கொண்டிருந்தார்கள். சொல்லிக்கொடுத்த பையன் உள்ளூர் மீனவர் வீட்டுப் பையன். கடலைப் பார்த்துக்கொண்டே நின்றவன் சட்டென்று "இப்போ, இப்போ!" என்றான். கொஞ்சம் தள்ளி நாலு பேர் ஒரு ஃபைபர் போட்டைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் காத்திருந்தார்கள். நாலைந்து பெரிய அலைகள் வரிசையாக வந்து உடைந்து முடிந்ததும் கடல் கொஞ்ச நேரம் தணிகிறது. அந்த இடைவெளியில் எஞ்சினைப் போட்டுச் சீறிப் போய்விட்டார்கள். சர்ஃபிங் பையன் "இப்போ" என்று கத்தியதும் அதே இடைவெளிக்குத்தான்.

இரண்டு கூட்டமும் ஒரே கணக்கைத்தான் போடுகிறது. ஒன்றுக்குப் பேர் விளையாட்டு, அதற்கு மணிக்கணக்கில் ஃபீஸ். இன்னொன்றுக்குப் பேர் பிழைப்பு. இந்தப் பிரிவு எப்போது வந்தது என்று வீட்டுக்கு வந்ததும் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டியதைத்தான் இங்கே கொட்டியிருக்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகம் இல்லாத கரை

சோழமண்டலக் கரையின் பெரிய பிரச்சினை என்னவென்றால், கப்பல் ஒதுங்க இயற்கையான துறைமுகம் கிடையாது. மேற்குக் கரையில் பம்பாய், கொச்சி மாதிரி உள்வாங்கிய இடங்கள் இருக்கின்றன. இங்கே நேராக நீட்டிப் போட்ட மணல், அதன்மேல் இரவு பகலாக உடையும் அலை. 1639-ல் ஆங்கிலேயக் கம்பெனி மதராசில் இடம் வாங்கியபோதும் அங்கே துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆள், சரக்கு, பணப்பெட்டி, கடிதம், கவர்னர் எல்லாமே சிறு படகில் அலையைத் தாண்டித்தான் வரவேண்டும், போகவேண்டும்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். 'சர்ஃப்' என்ற ஆங்கிலச் சொல் 1680களில்தான் எழுத்தில் வருகிறது. அப்போது அது குறித்தது இந்தியக் கரையில் உடையும் அலையைத்தான். அதனால் அது இந்திய மொழி எதிலிருந்தோ வந்திருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் ஊகம். எந்த மொழி என்பது முடிவாகவில்லை. (உடனே "அது தமிழ்தான்" என்று கிளம்பிவிடாதீர்கள், ஆதாரம் இல்லை :-)) ஆனால் அலை என்பதே ஒரு பெரிய தடையாக, பெயர் வைத்துப் பேச வேண்டிய ஒன்றாக அவர்களுக்குத் தெரிந்தது நம் பக்கத்துக் கரைகளில்தான் என்பது வரை நிச்சயம்.

ஆதாரம் உள்ள சொல் இன்னொன்று இருக்கிறது, கட்டுமரம். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி (பாதி நாள் கடற்கொள்ளைக்காரர்) 1697-ல் வெளியிட்ட பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அங்கிருந்து 'கேட்டமரான்' ஆங்கிலத்துக்குள் போனது.

மரமும் மசூலாவும்

கட்டுமரத்தை மீனவர்கள் வெறுமனே 'மரம்' என்பார்கள். "மரத்துக்குப் போறது" என்றால் மீன்பிடிக்கப் போவது. இலேசான சில கட்டைகளைச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கயிற்றால் கட்டியது. ஆணி கிடையாது, பலகைச் சுவர் கிடையாது. பார்த்தால் ஏதோ அரைகுறை வேலை போலத் தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: படகு ஏன் மூழ்குகிறது? உள்ளே தண்ணீர் நிரம்புவதால். கட்டுமரத்தில் உள்ளே என்று ஒன்றே இல்லை. மேலே விழும் அலை கட்டைகளின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைக் காயப்போடுவார்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊறிக் கனத்துவிடும். மறுநாள் திரும்பக் கட்டு.

மசூலா படகு வேறு ரகம். உயர்ந்த பக்கங்கள் கொண்ட பெரிய படகு, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்வது. இதிலும் இரும்பு ஆணி இல்லை. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையோடு வந்து மணலில் மோதினால் விறைப்பாக நின்று பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுத்துத் தப்பிக்கும். கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் தங்கள் சொந்தப் படகைக் கப்பலிலேயே விட்டுவிட்டு இதில் ஏறித்தான் மதராசில் கால் வைத்தார்கள். கூடவே கட்டுமரம் ஒன்றிரண்டு வரும், யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்குவதற்கு. மசூலாவே தாண்ட முடியாத அலை என்றால் கரையில் கொடி ஏற்றி எச்சரிப்பார்கள். அந்த நாளிலும் கட்டுமரக்காரர் மட்டும் போவார், கடிதத்தை நனையாதபடி தலையில் போட்ட கூம்புக் குல்லாய்க்குள் வைத்துக்கொண்டு.

ஒரு பெரிய வியாபாரக் கம்பெனியின் கடைசி ஒரு மைல் போக்குவரத்து முழுவதும் இப்படி மீனவர்கள் கையில் இருந்தது. லண்டனில் இருந்து ஆறு மாதம் கடலில் வந்த சரக்குக்கு ஆபத்து அதிகம் இந்த ஒரு மைலில்தான். எங்கள் பாடத்தில் இதற்கெல்லாம் இன்று 'லாஜிஸ்டிக்ஸ்' என்று தனிப் பேப்பரே இருக்கிறது. கம்பெனி கணக்கில் அது 'படகுக் கூலி' என்ற ஒற்றைத் தலைப்பு.

கோவளத்துக்கு வந்த கம்பெனிகள்

இப்போது கோவளத்துக்கு வருவோம். இந்தச் சின்ன ஊருக்கு எத்தனை பேர் அடித்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் (ஆட்சி 1710 முதல் 1732 வரை) பெயரால் இந்த இடத்துக்கு 'சாதத் பந்தர்' என்றும் ஒரு பெயர். பந்தர் என்றால் துறைமுகம். ஆங்கிலேயர் மதராசிலும், டச்சுக்காரர் தெற்கே சதுரங்கப்பட்டினத்திலும், பிரெஞ்சுக்காரர் இன்னும் தெற்கே புதுச்சேரியிலும் உட்கார்ந்திருந்த காலம். நவாபுக்குத் தன் கையில் ஒரு துறை வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியில் நுழைந்தது யாரும் எதிர்பார்க்காத ஒரு கம்பெனி. இன்று பெல்ஜியத்தில் இருக்கும் ஆஸ்டெண்ட் என்ற ஊரின் வியாபாரிகள் 1719-ல் கோவளத்தில் பண்டகசாலை போட்டார்கள். அவர்கள் ஆவணங்களில் ஊர்ப் பெயர் 'கபெலோன்'. 1722-ல் ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸ் இவர்களுக்குப் பட்டயம் கொடுத்தார். மூலதனம் 60 லட்சம் கில்டர், 6,000 பங்குகள். 1723-ல் ஆன்ட்வெர்ப் நகரில் விற்பனைக்கு வந்ததும் மளமளவென்று தீர்ந்துவிட்டன. இன்றைய பாஷையில் சொன்னால் சூப்பர் ஹிட் ஐ.பி.ஓ.!

முடிவு அவ்வளவு நன்றாக இல்லை. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் போட்டியைப் பொறுக்கவில்லை. பேரரசருக்கோ வேறு கவலை. ஆண் வாரிசு இல்லாததால் மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வருவதை மற்ற நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். 1727-ல் கம்பெனியை நிறுத்திவைத்தார், 1731 வியன்னா ஒப்பந்தத்தில் அடியோடு கைவிட்டார். வியன்னாவில் ஒரு இளவரசியின் பட்டத்துக்காகக் கோவளத்துக் கடை பேரம் பேசப்பட்டது. கோவளத்தில் ஆஸ்டெண்ட் கப்பலுக்குத் துணிமூட்டை ஏற்றிய படகுக்காரர்களுக்கு இந்தச் செய்தி எப்போது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருநாள் கப்பல் வரவில்லை, அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

அடுத்து நவாப் அன்வருதீன் காலத்தில் இங்கே ஒரு கோட்டை எழுந்தது. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த கதையைக் கம்பெனிக் கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். 1750-வாக்கில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு எதிரே வந்து நின்று ஆபத்து என்று சைகை காட்டியது. கரையிலிருந்து போய்ப் பார்த்தவர்களிடம், "பாதிப் பேர் நோயில் செத்துவிட்டார்கள், மீதிப் பேரைக் கரையில் இறக்காவிட்டால் அவர்களும் செத்துவிடுவார்கள்" என்று கெஞ்சினார்கள். இரக்கப்பட்டுக் கோட்டைக்குள் இடம் கொடுத்தார்கள். மெலிந்த ஆட்களாகப் பார்த்து அனுப்பியிருந்தார்கள், துணிக்குள் ஆயுதம். ராத்திரி எழுந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஓர்ம் இதை ஒரு தந்திரமான போர்முறையாக எழுதுகிறார். எனக்குப் படித்தபோது வேறொன்று பட்டது. அலையைத் தாண்டிப் போய் நோயாளிகளைக் கரை சேர்க்க ஆள் இருந்ததால்தான் அந்தத் தந்திரம் பலித்தது. கடலில் தத்தளிப்பவனைக் கண்டால் எந்த ஊர்க்காரன் என்று கேட்காமல் தூக்குவது கடற்கரையில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

1752-ல் ராபர்ட் கிளைவ் இதைப் பிடிக்க வந்தார். ஆற்காட்டு முற்றுகையில் பேர் வாங்கிய அடுத்த வருடம். கையில் இருந்ததோ லண்டன் தெருக்களில் பிடித்து அனுப்பிய 200 புது ஆட்களும், புதிதாய்ச் சேர்ந்த 500 சிப்பாய்களும். கோட்டையிலிருந்து வந்த குண்டில் ஒருவன் விழுந்ததும் மொத்தப் பேரும் திரும்பி ஓடினார்களாம். இன்னொரு முறை பீரங்கிச் சத்தத்துக்குப் பயந்து காவலர்கள் ஓடிப்போக, அதில் ஒருவனைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள்! மெக்காலே இதைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். எப்படியோ கோவளம் சரணடைந்தது. உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படையை மடக்கிவிட்டு, கிளைவ் நேராக எங்கள் ஊர்ச் செங்கல்பட்டுக் கோட்டைக்கு வந்து அதையும் வாங்கிக்கொண்டார். கோவளம் கோட்டை தகர்க்கப்பட்டது. இன்று அந்தப் பக்கம் நட்சத்திர ஓட்டல் இருக்கிறது. 'டச்சுக் கோட்டை இருந்த இடம்' என்று பலர் எழுதுவதைப் படித்திருப்பீர்கள். டச்சுக் கோட்டை சதுரங்கப்பட்டினத்தில் இருப்பது. கோவளத்தில் இருந்தது நவாப் கோட்டை.

போருக்குப் பிறகு வந்தவர் ஒரு வியாபாரி. பேரைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள், ஜான் டி மோன்டே. ஆமாம், 2015-ல் வந்த 'டிமான்டி காலனி' படத்துப் பெயருக்குச் சொந்தக்காரர்தான். பேய்க்கதையை விட்டுவிடுங்கள், மனிதர் மதராசின் பெரிய போர்த்துகீசிய வம்சாவளி வியாபாரி. ஆர்பத்நாட் கம்பெனியில் ஒரு காலத்தில் பங்குதாரர். (அந்தக் கம்பெனி ரொம்பப் பின்னால், 1906-ல், திவாலாகி, அந்த அடியில்தான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. எங்கள் வகுப்புக்காரர்களுக்கு இது பரீட்சைக்கு உதவும்.) கோவளத்து கார்மேல் மாதா கோவில் 1808-ல் அவர் கட்டியது. 1821-ல் இறந்த அவரை இங்கேதான் அடக்கம் செய்தார்கள்.

ஒரு நவாப், ஒரு பேரரசர், ஒரு கிளைவ், ஒரு டி மோன்டே. கோவளத்து வரலாற்றில் பெயரோடு கிடைப்பவர்கள் இவர்கள்தான். இவர்களுடைய சரக்கையும் ஆட்களையும் அலைக்கு மேல் ஏற்றி இறக்கிய ஒரு படகுக்காரர் பெயர்கூட நான் படித்ததில் எங்கும் இல்லை.

அலை வேலை போன கதை

மதராசில் 1861-ல் கடலுக்குள் இரும்புப் பாலம் போட்டார்கள். 1870களில் கல் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதைச் சிதைத்தும் விடாமல் திரும்பக் கட்டினார்கள். கப்பல் நேராகச் சுவருக்கு வந்து அணையும்போது அலை தாண்டும் படகு எதற்கு? இரண்டரை நூற்றாண்டு கம்பெனிகளைச் சுமந்த வேலை மெல்ல மறைந்தது. மீன்பிடிப்பு மட்டும் மிஞ்சியது. அதற்கும் 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தது. உடைந்த மரங்களுக்குப் பதிலாக நிவாரணத்தில் ஃபைபர் போட்டுகள் குவிந்தன. எஞ்சின் இருந்தால் அலையைத் தாண்ட அந்தப் பழைய நுணுக்கம் அவ்வளவு வேண்டாம். கட்டுமரம் கரையிலிருந்து காணாமல் போக ஆரம்பித்தது.

இதற்கிடையில் உலகத்தின் இன்னொரு மூலையில் அதே அலைக்கு வேறு மரியாதை நடந்தது. 1779-ல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங், ஹவாய்த் தீவில் மக்கள் பலகை மேல் அலையேறி வருவதை வியந்து எழுதினார். அங்கே ஊர்த் தலைவர்களும் அதில் பேர் வாங்கியவர்கள். 1907-ல் எழுத்தாளர் ஜாக் லண்டன் அதை 'ராஜ விளையாட்டு' என்று அமெரிக்கப் பத்திரிகையில் எழுத, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

பரிமாற்றம் எப்படி நடந்திருக்கிறது பாருங்கள். நம் கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலேயர்கள் கொண்டுபோய் இரட்டை உடல் கொண்ட படகுக்கு வைத்துவிட்டார்கள். அந்த வடிவம் பாலினேசியத் தீவுக்காரர்களுடையது. இன்று உலகத்தில் 'கேட்டமரான்' என்றால் அந்த இரட்டைப் படகுதான். பாலினேசியர்களின் அலை விளையாட்டு திரும்பி நம் கரைக்கு வந்திருக்கிறது, நம் கரையைக் குறித்துப் பிறந்த 'சர்ஃப்' என்ற பெயரோடு. பெயர் அங்கே போயிற்று, விளையாட்டு இங்கே வந்தது.

இதை வைத்துக்கொண்டு "சர்ஃபிங்கைக் கண்டுபிடித்தது தமிழன்" என்று நான் சொல்ல வரவில்லை. பலகை மேல் எழுந்து நின்று ஓடுவது ஹவாய்க்காரர்களின் கலை, அது அவர்களுக்கே. நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். அலையைப் படிக்கும் அறிவு இரண்டு இடத்திலும் இருந்தது. ஒரு இடத்தில் அது பெருமை, இன்னொரு இடத்தில் கூலி. திறமையில் இருந்த வித்தியாசத்தைவிட, அதை யார் எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்பதில் இருந்த வித்தியாசம்தான் பெரிது.

தாத்தாவின் துடுப்பு

கோவளத்தில் இந்தத் தலைப்பு மாற ஆரம்பித்தது 2012-வாக்கில். மூர்த்தி மேகவன் என்ற உள்ளூர் மீனவர், தொழிலதிபர் அருண் வாசுவின் உதவியோடு 'கோவ்லாங் பாயின்ட்' சர்ஃபிங் பள்ளியை ஆரம்பித்தார். மீனவர் வீட்டுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து அவர்களையே பயிற்சியாளர்களாக ஆக்கினார். 2013-லிருந்து சர்ஃபிங் விழா, தொடர்ந்து மாமல்லபுரத்திலும் பள்ளிகள். 2023 ஆகஸ்டில் உலக சர்ஃப் லீக்கின் இந்தியாவில் நடந்த முதல் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப்பும் அங்கேயே. அதில் கர்நாடகத்து ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், ஆசிய சாம்பியன்ஷிப்பில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர். தேசியப் போட்டிகளில் தமிழ்நாட்டுப் பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல் கடற்கரைக் குப்பத்துப் பையன்கள்.

பெண்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்தக் கரையில் பெண்கள் மீன் விற்பார்கள், கருவாடு போடுவார்கள், கணக்குப் பார்ப்பார்கள். கடலுக்குள் போகும் வழக்கம் இல்லை. மாமல்லபுரத்து கமலி மாதிரிப் பெண்கள் தேசியப் போட்டியில் ஜெயிக்கும்போது, கட்டுமரம் கொடுக்காத இடத்தை அந்தப் பலகை கொடுத்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழையது எல்லாம் பொற்காலம் இல்லை.

மத்தியானம் நண்பன் வீட்டில் சாப்பாடு (வஞ்சிரம் வறுவல், வேறென்ன!). அவன் தாத்தாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வீட்டுப் பின்புறம் பழைய கட்டுமரக் கட்டைகள் இரண்டு கிடந்தன, மேலே கோழி உட்கார்ந்திருந்தது. நான் கேட்டேன், "தாத்தா, இவங்க பலகை மேல நிக்கறாங்களே, நீங்க அந்தக் காலத்துல மரத்து மேல நின்னு வந்திருக்கீங்களா?"

"நிக்கறதுக்கு எங்க தம்பி நேரம்? வலை, மீனு, கூட இருக்கற ஆளு, அத்தனையும் கரை சேக்கணும்" என்றவர், கொஞ்சம் யோசித்து, மூலையில் கிடந்த துடுப்பை எடுத்துக் காட்டினார். "வரும்போது பின்னால அலை தூக்கும் பாரு, அப்போ இத ஒரு பக்கமா அமுத்திப் புடிக்கணும். மரம் நேரா ஓடியாரும், கரை வரைக்கும் துடுப்புப் போட வேணாம். அமுத்தறதுல கொஞ்சம் பிசகினா மரம் குறுக்கால திரும்பிடும். அப்புறம் கட்டை தலைல தான்."

நண்பன் வாயைப் பிளந்தான். "தாத்தா, இதத்தான் மாஸ்டரு எங்களுக்கு ஒரு வாரம் சொல்லிக்குடுத்தாரு" என்றான். அவன் மூன்று வருடமாக சர்ஃபிங் போகிறான். தாத்தாவிடம் ஒருமுறைகூட இதைக் கேட்டதில்லை. தாத்தாவும் சொன்னதில்லை. அவன் கடலுக்குப் போய்விடக் கூடாது, பி.காம். முடித்து ஆபீஸில் உட்கார வேண்டும் என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அதனால் கடல் பேச்சையே வீட்டில் குறைத்துவிட்டார்களாம். மகன் அலையில் செத்துவிடுவானோ என்று தினமும் கரையில் நின்ற அம்மாக்கள் உள்ள ஊரில் அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் தாத்தா அதோடு நிற்கவில்லை. வாடைக் காற்று எப்போது, வடக்கிலிருந்து ஓடும் வன்னி வெள்ளம், தெற்கிலிருந்து ஓடும் தெண்டி வெள்ளம், எந்த வெள்ளத்தில் எந்த மீன், கடலுக்குள் கல் கொட்டிய பிறகு அலை உடையும் இடம் எப்படி நகர்ந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். கரை நாளுக்கு நாள் சுருங்குகிறது என்றார். 2021-ல் கோவளம் கடற்கரைக்கு 'நீலக்கொடி' சான்றிதழ் கிடைத்தது, நல்ல விஷயம்தான். அதற்கு வேண்டிய பட்டியலில் தண்ணீர்ச் சுத்தம், கழிப்பறை, உயிர்காப்பாளர் எல்லாம் உண்டு. வலை காயப்போட இடம் என்று ஒரு வரி கிடையாது. தாத்தாவுக்கு அந்தப் பட்டியல் தெரியாது. "எடம் பத்தல தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அலையில் ஏறுவதற்கு இன்று சம்பளம் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது, பத்திரிகையில் படம் இருக்கிறது. அந்தப் பையன்களுக்கு அது கிடைக்கட்டும், இன்னும் நிறையக் கிடைக்கட்டும். அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் கோழி உட்காரும் கட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்பதைச் சர்ஃபிங் விழா மேடையில் ஒருவராவது சொன்னால் நன்றாக இருக்கும். அதைச் சொல்லக்கூடியவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் எத்தனை வருடம் கேட்க முடியும் என்று தெரியாது.

நண்பன் இப்போது தன் செல்போனில் தாத்தா பேசுவதைப் பதிவு செய்ய ஆரம்பித்திருக்கிறான். வெள்ளம் பெயர், காற்றுப் பெயர், மீன் பெயர் எல்லாம். எழுதி எடுக்கும் வேலை எனக்கு. போன வாரம் வரை பதினோரு பக்கம் வந்திருக்கிறது. முதல் பக்கத்தின் மேலே தாத்தாவின் முழுப்பெயரைத்தான் எழுதினேன்.